ஆளிருந்த நிலம்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் மண்ணுரிமை வரலாறு

அயல்நாட்டு மண்ணைக் கைப்பற்றப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டம் மூன்று வழிகளை வகுத்திருந்தது: போரிட்டு வெல்வது, ஒப்பந்தம் போட்டுப் பெறுவது, ஆளில்லாத இடத்தில் போய்க் குடியேறுவது. இந்தியாவில் முதல் இரண்டு வழிகளும் கையாளப்பட்டன. வட அமெரிக்காவில் பழங்குடித் தலைவர்களோடு எத்தனையோ ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நியூசிலாந்தில் 1840இல் மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கி ஒப்பந்தம் செய்யப்பட்டது. இவற்றில் பல பின்னாளில் மீறப்பட்டன. ஆனாலும் எதிரே ஒரு தரப்பு இருக்கிறது, அந்த மண்ணுக்கு உரியவர் இருக்கிறார்கள் என்பதையாவது அவை ஒப்புக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் அதுகூட நடக்கவில்லை. 50,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் மனிதர் வாழ்ந்துவந்த ஒரு கண்டம் மூன்றாவது வகையில், அதாவது உரியவர் எவருமில்லாமல் கிடந்த நிலமாக, சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1788இல் தொடங்கிய அந்தப் பொய்யை நாட்டின் தலைமை நீதிமன்றம் கைவிட 204 ஆண்டுகள் ஆயின.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் அழிவுக்குத் துப்பாக்கியும் தொற்றுநோயும் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் துப்பாக்கி ஓய்ந்த பிறகும் பறிப்பு ஓயவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தச் சட்டப் பொய். அது எப்படி உருவானது, யாரால் உடைந்தது, உடைந்த பிறகும் நியாயம் ஏன் முழுமை பெறவில்லை என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி.

கப்பல் வருமுன்

நியூ சவுத் வேல்ஸின் மேற்கே, எப்போதோ வற்றிப்போன முங்கோ ஏரியின் மணல்மேட்டில் 1968இல் ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகள் கிடைத்தன. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் அவர். உடலை எரித்து, எஞ்சிய எலும்புகளை நொறுக்கி, மறுபடி எரித்துப் புதைத்திருக்கிறார்கள். இறந்தவருக்கு முறைப்படி ஈமச்சடங்கு செய்த ஒரு சமூகம் அவ்வளவு காலத்துக்கு முன்பே அங்கே இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஐரோப்பியர் வந்தபோது அந்தக் கண்டத்தில் 250க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஒவ்வொரு மொழிக் கூட்டத்துக்கும் தன் எல்லை எது, எந்தச் சுனை யாருடையது, எந்த மலைக்கு எந்தக் குலம் காவல் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. வடகரைக்கு இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து ஆண்டுதோறும் படகுகள் வந்தன. கடலட்டை எடுக்க வந்த அந்த வணிகர்களோடு பூர்வகுடிகள் பண்டமாற்று செய்தார்கள்.

பூர்வகுடிகள் நிலத்தில் எந்த உழைப்பும் செலுத்தாமல் அலைந்து திரிந்தவர்கள், ஆகவே நிலவுடைமை அறியாதவர்கள் என்பது குடியேறியவர்கள் சொன்ன வாதம். தென்மேற்கு விக்டோரியாவில் உள்ள பட்ஜ் பிம் அதைப் பொய்யாக்குகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை வெளியில் குண்டிட்ஜ்மாரா மக்கள் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். கருங்கற்களை அடுக்கி அணை கட்டியிருக்கிறார்கள். மழைக்கால வெள்ளத்தோடு வரும் விலாங்கு மீன்கள் அந்தக் கால்வாய் வழியே குளங்களுக்குள் திருப்பப்பட்டு வளர்ந்தன. அணையின் இடுக்குகளில் நீண்ட கூடைகளைச் செருகி, வேண்டியபோது வேண்டிய அளவு பிடித்தார்கள். பக்கத்திலேயே கல் அடித்தளம் கொண்ட குடியிருப்புகளின் தடங்கள் இருக்கின்றன. இந்த அமைப்பின் பழமையான பகுதிக்கு 6,600 ஆண்டு வயது என்று கணிக்கப்பட்டிருக்கிறது. 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கண்டத்தின் பிற பகுதிகளிலோ, காலமறிந்து புல்வெளிக்குச் சிறு தீ வைத்து, புதுப்புல் முளைக்கச் செய்து, கங்காருக்களை வரவழைத்து வேட்டையாடும் முறை இருந்தது. பெருங்காட்டுத்தீயைத் தடுத்ததும் அதே தீதான். உழவு என்றால் ஏர் பூட்டுவது மட்டுமே என்று நினைத்த கண்களுக்கு இது எதுவும் தெரியவில்லை.

சம்மதம் கேட்காமல் நாட்டிய கொடி

1768இல் ஜேம்ஸ் குக் புறப்பட்டபோது கடற்படைத் தலைமையகம் அவர் கையில் கொடுத்த இரகசிய ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது: தென்கண்டத்தைக் கண்டால், அங்குள்ள மக்களின் சம்மதத்தோடு வசதியான இடங்களை மன்னர் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும்; ஆளில்லை என்றால் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். 1770 ஏப்ரலில் பாட்டனி வளைகுடாவில் குக் இறங்கியபோது கரையில் இருவர் ஈட்டியோடு நின்று தடுத்தார்கள். குக்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டுத்தான் கரையேறினார்கள். சம்மதமின்மையை இதைவிடத் தெளிவாகத் தெரிவிக்க முடியாது. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில், வடகோடித் தீவொன்றில் கொடியேற்றி, கிழக்குக் கரை முழுவதும் மன்னருக்குச் சொந்தம் என்று குக் அறிவித்தார். அவரோடு பயணம் செய்த ஜோசப் பேங்க்ஸ், 1779இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது அங்கே மக்கள் மிகக் குறைவு என்றார். அவர் பார்த்தது கரையோரத்தை மட்டுமே.

1788 ஜனவரி 26 அன்று ஆர்தர் பிலிப்பின் தலைமையில் 11 கப்பல்கள் கைதிகளோடு சிட்னி துறையில் நிலைகொண்டன. மறு ஆண்டே பெரியம்மை பரவியது. எதிர்ப்புச் சக்தி சற்றும் இல்லாத, சிட்னிப் பகுதியின் ஈயோரா மக்களில் பாதிப் பேராவது அதில் மடிந்திருப்பார்கள் என்பது அக்காலக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. கடற்கரைக் குகைகளில் பிணங்கள் அடக்கம் செய்ய ஆளின்றிக் கிடந்தன. எஞ்சியவர்கள் பணிந்துவிடவில்லை. பெமுல்வுய் என்ற வீரர் பன்னிரண்டு ஆண்டுகள் குடியேற்றங்களைத் தாக்கிப் போர் நடத்தினார். 1802இல் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு அவர் தலையைச் சாராயத்தில் ஊறவைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆளில்லாத நிலம் என்று எழுதியவர்களே அங்கிருந்த ஒரு வீரனின் தலையைக் கப்பலேற்றினார்கள்.

ஆட்டு மந்தையும் தூக்குக் கயிறும்

நிலப்பறிப்பை வேகப்படுத்தியது கம்பளி. இங்கிலாந்தின் ஆலைகளுக்குக் கம்பளி வேண்டியிருந்தது. அதற்கு ஆடு வேண்டும், ஆட்டுக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும். மந்தைகள் சுனைகளைச் சேறாக்கின. கிழங்கு தரும் செடிகளை வேரோடு மேய்ந்தன. கங்காருக்கள் விலகிப் போயின. பசித்தவர்கள் ஆட்டை ஈட்டியால் குத்தினார்கள். அதற்குப் பழிவாங்க வெள்ளையர் குதிரையேறிப் போய்க் குடியிருப்புகளைச் சூழ்ந்தார்கள். கண்டம் முழுவதும் ஏறத்தாழ 140 ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடந்தது இதுவே.

தாஸ்மேனியாவில் இது வெளிப்படையான போராயிற்று. 1828இல் அங்கே இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1830இல் சிப்பாய்கள், குடியேறியவர்கள், கைதிகள் என்று சுமார் 2,200 பேரை வரிசையாக நிறுத்தி, தீவின் குறுக்கே சல்லடை போட்டுப் பூர்வகுடிகளை ஒரு தீபகற்பத்துக்குள் விரட்ட முயன்றார்கள். அந்த முயற்சியில் அகப்பட்டவர் இருவர்தான். ஆனால் பிறகு சமாதான வார்த்தை பேசி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் ஃப்ளிண்டர்ஸ் தீவில் அடைக்கப்பட்டு நோயில் மடிந்தார்கள். 1876இல் இறந்த ட்ருகனினி என்ற தாஸ்மேனியப் பூர்வகுடிப் பெண், தன் உடலை அறுக்க வேண்டாம் என்று அஞ்சிக் கேட்டிருந்தார். அவரது எலும்புக்கூடு 1947 வரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது. 1976இல்தான் எரியூட்டிச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அவரோடு தாஸ்மேனியப் பூர்வகுடியே முடிந்துவிட்டது என்று பள்ளிப் பாடங்கள் நெடுநாள் சொல்லின. அது தவறு. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

ஒப்பந்தம் போட ஒருவர் மட்டும் முயன்றார். 1835இல் ஜான் பேட்மன் என்பவர், இன்று மெல்போர்ன் இருக்கும் பகுதியில், போர்வை, கத்தி, கோடாரி, மாவு ஆகியவற்றைக் கொடுத்துச் சுமார் 6 லட்சம் ஏக்கரைப் பூர்வகுடித் தலைவர்களிடமிருந்து பெற்றதாக ஒரு பத்திரம் எழுதினார். நியாயமான பேரம் என்று அதை எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஆளுநர் ரிச்சர்ட் போர்க் அதை ரத்து செய்ததற்குக் காரணம் வேறு. அந்த மண் மன்னருடையது, அதை விற்கப் பூர்வகுடிகளுக்கு உரிமையே இல்லை என்றார். அன்று முதல் கண்டம் முழுவதும் அரசின் புறம்போக்கு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் தங்கள் மண்ணிலேயே ஆக்கிரமிப்பாளர்கள்.

1838 ஜூனில் மயல் க்ரீக் பண்ணையில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 28 பேரை மேய்ப்பர்கள் சேர்த்துக் கட்டி இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள். முதல் விசாரணையில் குற்றம்சாட்டப்பட்ட 11 பேரும் விடுதலையானார்கள். மறுவிசாரணையில் 7 பேருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது. பூர்வகுடிகளைக் கொன்றதற்காக வெள்ளையரைச் சட்டம் தூக்கிலிட்ட அரிய நிகழ்வு அது. அதற்குப் பிறகு கொலைகள் குறையவில்லை, சாட்சிகள்தான் குறைந்தார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாளர் லிண்டல் ரயன் தலைமையிலான குழு, 1788 முதல் 1930 வரை நடந்த 400க்கு மேற்பட்ட படுகொலைகளை வரைபடத்தில் குறித்திருக்கிறது. 1928இல் வட பிரதேசத்தின் கோனிஸ்டனில் நடந்தது அரசுக் கணக்கிலேயே 31 உயிர்களைக் குடித்தது. இவ்வளவுக்கும் இடையில், 1889இல், காலனிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில், நியூ சவுத் வேல்ஸ் நிலையான குடிகளோ நிலையான சட்டமோ இல்லாமல் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த பகுதி என்று எழுதிவைத்தது. அடுத்த நூறாண்டுக்கு நீதிமன்றங்கள் சாய்ந்துகொண்டது இந்தத் தீர்ப்பின் மேல்தான்.

பாதுகாப்பு என்ற சிறை

1901இல் காலனிகள் இணைந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது. அதன் அரசியல் சாசனம், மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. மாநிலங்களோ ஏற்கெனவே பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றியிருந்தன. விக்டோரியாவில் 1869, குவின்ஸ்லாந்தில் 1897, தொடர்ந்து மற்றவை. எங்கே வசிப்பது, யாரை மணப்பது, யாரிடம் வேலை செய்வது என எல்லாவற்றுக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். உழைத்த கூலி அரசு நடத்திய கணக்குக்குப் போனது. அதில் பெரும்பகுதி உரியவர் கைக்கு வந்து சேரவேயில்லை.

எல்லாவற்றிலும் கொடியது குழந்தைகளைப் பறித்தது. கலப்பின் மூலம் பூர்வகுடித் தன்மையை ஒழித்துவிடலாம் என்ற எண்ணத்தில், குறிப்பாக வெளிர்நிறக் குழந்தைகளைத் தாயின் மடியிலிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் சேர்த்தார்கள். 1997இல் வெளிவந்த மனித உரிமை ஆணைய அறிக்கை, 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் பூர்வகுடிக் குழந்தைகளில் மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை இப்படிப் பிரிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. இதையும் மண்ணுரிமையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நிலத்தின் கதையைச் சொல்ல வேண்டிய அடுத்த தலைமுறையை அப்புறப்படுத்திவிட்டால் நிலத்துக்கு உரிமை கோர யாரும் எஞ்சமாட்டார்கள்.

கையில் கொட்டிய மண்

1938 ஜனவரி 26 அன்று, குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டை நாடே கொண்டாடியபோது, பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். 1963இல் வடக்கே யிர்க்காலாவில் பாக்சைட் சுரங்கத்துக்காகத் தங்கள் நிலத்தின் ஒரு பகுதி பிரிக்கப்பட்டபோது, யோல்ங்கு மக்கள் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை, தங்கள் குல ஓவியங்கள் தீட்டிய மரப்பட்டையில் ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஓவியங்களே அவர்களுடைய பட்டா. மனுவால் சுரங்கம் நிற்காததால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1971இல் தீர்ப்பளித்த நீதிபதி பிளாக்பர்ன், யோல்ங்கு மக்களிடம் நுட்பமான, உறுதியான சட்ட ஒழுங்கு உண்டு என்று ஏற்றார். ஆனால் நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவை ஆங்கிலச் சட்டம் சொல்லும் சொத்துரிமையாகக் கொள்ள முடியாது என்று வழக்கைத் தள்ளினார்.

இதற்கிடையே வட பிரதேசத்தின் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையில் ஒரு பெரும் நிகழ்வு நடந்துகொண்டிருந்தது. குரிந்ஜி மக்களின் நிலத்தில் அமைந்த அந்தப் பண்ணை, வெஸ்டி என்ற ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தின் நிறுவனத்துடையது. மாடு மேய்த்த குரிந்ஜி ஆண்களுக்கும் வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் இறைச்சி, பெயருக்குச் சில்லறைக் கூலி. 1966 ஆகஸ்ட் 23 அன்று குரிந்ஜித் தலைவர் வின்சென்ட் லிங்கியாரி சுமார் 200 பேரோடு பண்ணையை விட்டு வெளியேறினார். வெளியார் அதைக் கூலிப் போராட்டம் என்றே நினைத்தார்கள். அவர்கள் வாட்டி க்ரீக் கரையில் முகாமிட்டு, தங்கள் நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்பது ஆண்டுகள் அவர்கள் அசையவில்லை. 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் அங்கே வந்து, குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். அன்று கிடைத்தது குத்தகை உரிமைதான். முழு உரிமை வர 1986 ஆயிற்று. ஆனால் அந்தப் போராட்டத்தின் விளைவாக 1976இல் வட பிரதேச நில உரிமைச் சட்டம் வந்தது. இன்று அந்தப் பிரதேச நிலத்தில் ஏறத்தாழ பாதி பூர்வகுடிகளிடம் இருக்கிறது.

1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்து, பூர்வகுடிகளை ஒதுக்கிய சாசனப் பிரிவுகள் மாற்றப்பட்டன. 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அடுத்த கட்டத்துக்கு அதுவே ஆயுதமாயிற்று.

தோட்டக்காரர் தொடுத்த வழக்கு

டாரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவில் பிறந்த எடி கோய்கி மாபோ, டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் இருவரிடமும் ஊரில் உள்ள தன் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சட்டப்படி அது உங்களுடையது அல்ல, அரசுடையது என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. மாபோ திகைத்துப்போனார். மெர் தீவில் தோட்டத்துக்குத் தோட்டம் எல்லை உண்டு. மரமும் கல்லும் ஓடையும் அடையாளங்கள். நிலம் தலைமுறை வழியாக இறங்கும். அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காதே என்பது மாலோ தெய்வத்தின் கட்டளை.

1982 மே மாதம் மாபோவும் மெர் தீவினரான மெரியம் மக்களில் இன்னும் நால்வரும் வழக்குத் தொடுத்தார்கள். குவின்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தீவுகளில் எந்த உரிமை இருந்திருந்தாலும் அது 1879லேயே அழிந்துவிட்டது என்று வழக்கின் வேரையே வெட்டப் பார்த்தது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1988இல் அந்தச் சட்டம் செல்லாததாயிற்று. சாட்சி விசாரணை நடத்திய நீதிபதி மாபோவின் தனிப்பட்ட வாரிசுரிமையை ஏற்க மறுத்தார். ஆனாலும் மெரியம் மக்களின் பொது உரிமைக்காக வழக்கு நிலைத்து நின்றது. 1992 ஜனவரியில் மாபோ புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு ஜூன் 3 அன்று ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆளில்லா நிலம் என்ற கோட்பாடு செல்லாது, பூர்வகுடிகளின் நில உரிமை பிரிட்டிஷ் ஆட்சி வந்ததால் மட்டும் அழிந்துவிடவில்லை.

வெற்றியின் அளவு

இந்தத் தீர்ப்பின் பெருமையை யாரும் குறைத்துவிட முடியாது. ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அரசு ஏற்கெனவே பிறருக்கு முழு உரிமையாக எழுதிக்கொடுத்த நிலத்தில் பூர்வகுடி உரிமை அழிந்தது அழிந்ததுதான் என்றது அதே தீர்ப்பு. நகரங்களும் வளமான வயல்களும் இப்படிக் கணக்கை விட்டு வெளியேறின. மிச்சமுள்ள நிலத்திலும், மூதாதையரின் வழக்கங்களை விடாமல் தொடர்ந்து பேணிவந்ததாக நிரூபிக்க வேண்டும். 1993இல் பால் கீட்டிங் அரசு கொண்டுவந்த சட்டம் இதற்கு வழிமுறை வகுத்தது. மேய்ச்சல் குத்தகை நிலத்திலும் உரிமை எஞ்சலாம் என்று 1996இல் விக் வழக்குத் தீர்ப்பு சொன்னதும், 1998இல் ஜான் ஹோவர்ட் அரசு சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைச் சுருக்கியது.

நிரூபிக்கும் சுமை எவ்வளவு கொடுமையானது என்பதை யோர்ட்டா யோர்ட்டா வழக்கு காட்டுகிறது. மர்ரே ஆற்றங்கரை மக்களான அவர்களின் முதியோர் சொன்ன வாய்மொழிச் சாட்சியத்தைவிட, அவர்கள் நிலத்தில் மந்தை மேய்த்த எட்வர்ட் கர் எழுதிய நூலுக்கே நீதிமன்றம் அதிக மதிப்புக் கொடுத்தது. அவர்களுடைய முன்னோர் நிலம் கேட்டு 1881இல் ஆளுநருக்கு அளித்த மனுகூட, பழைய வாழ்வை அவர்கள் இழந்துவிட்டதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 2002இல் தலைமை நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விரட்டியவர்களால் அறுந்த தொடர்ச்சிக்கு விரட்டப்பட்டவர்கள் பொறுப்பாக்கப்பட்டார்கள்.

உரிமை உள்ள இடத்திலும் காக்கும் அதிகாரம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய குகைகளை 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. உரியவர்களான பூட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்கள் தடுக்கக் கேட்டும் பலனில்லை. நிறுவனத்திடம் சட்டப்படியான அனுமதி இருந்தது என்பதுதான் இதில் மிக வருந்தத்தக்கது.

மீதமிருக்கும் வேலை

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட தலைமுறையிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2017இல் உலுருவில் கூடிய பூர்வகுடிப் பிரதிநிதிகள், அரசியல் சாசனத்தில் தங்களுக்கென ஓர் ஆலோசனைக் குரல், பிறகு ஒப்பந்தம், உண்மையைச் சொல்லும் ஏற்பாடு என்று மூன்றைக் கேட்டார்கள். முதல் கோரிக்கை 2023 அக்டோபர் 14 அன்று பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் நிராகரித்தன. பூர்வகுடிகள் பெரும்பான்மையாக வாழும் தொலைதூர வாக்குச்சாவடிகள் பலவற்றில் மட்டும் ஆம் என்ற வாக்கு ஓங்கியிருந்தது. குவின்ஸ்லாந்து தன் ஒப்பந்த முயற்சிச் சட்டத்தை 2024இல் ரத்து செய்தது. விக்டோரியாவோ 2025இல் பூர்வகுடிகளோடான ஒப்பந்தத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பேட்மனின் பத்திரம் ரத்தாகி 190 ஆண்டுகளுக்குப் பின், அதே மண்ணில் ஓர் ஒப்பந்தம்.

மக்கள்தொகையில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பூர்வகுடிகள் சிறைக் கைதிகளில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். அவர்களுடைய சராசரி ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் 8 ஆண்டுகள் குறைவு. நலத்திட்டங்கள் போதாமையால் மட்டும் இது நேர்ந்ததாகத் தெரியவில்லை. தன் நிலத்தைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத சமூகத்தின் நிலை இது. நீதிமன்றம் பொய்யைத் திருத்தலாம். இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசி எழுத வேண்டிய உடன்பாட்டை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யாது. 1788இல் கேட்டிருக்க வேண்டிய சம்மதத்தை இப்போதாவது கேட்டுப் பெறும் தேசிய ஒப்பந்தமே ஆஸ்திரேலியாவின் கடன்.

இந்தக் கடன் வெள்ளையர்களுடையது மட்டும் என்று எண்ண வேண்டாம். சிட்னியிலும் மெல்போர்னிலும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கி, குடியுரிமை பெற்று, கோயில் கட்டி வாழ்கின்றன. அவர்களில் மண்ணை இழந்து வந்த ஈழத்தமிழர்களும் உண்டு. இழப்பின் வலி அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாம் வாழும் தெரு எந்தக் குடியின் நிலம் என்று அறிவதும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும், அடுத்த முறை கேள்வி வாக்குச்சீட்டில் வரும்போது அந்த மக்களின் பக்கம் நிற்பதும் நம்மவர் செய்ய வேண்டிய கடமை.